கத்ரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை

கம்பளித் தொப்பி போட்ட தலை பனிக்கட்டியில் மோதினால் பெரிய சத்தம் வராது. ஈரத் துணியை நிலத்தில் போட்டது போல மெல்லிய ஒரு ‘தொப்’, அவ்வளவுதான். எனக்குப் பதின்மூன்று வயது. தண்ணீர் ஊற்றி உறையவிட்ட திடலில் பயிற்சி முடிந்து மற்றப் பிள்ளைகள் உடை மாற்றப் போய்விட்ட அந்த வியாழக்கிழமை மாலையில், அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

விழுந்தவள் கத்ரி. எஸ்தோனியாவிலிருந்து தாயோடு ஒஸ்லோவுக்கு வந்து, பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் குடியிருந்தவள். அவளுடைய தாயும் என் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தார்கள். ‘ஷொய்த்தர்’ என்று நாங்கள் சொல்லும் பனிச்சறுக்குச் சப்பாத்தை மாட்டினால் நான் பிடிக்கச் சுவர் தேடுவேன். கத்ரியோ இடுப்பை வளைத்து, ஒரு கையை முதுகில் மடித்து, நான் இரண்டு மூச்சு விடுவதற்குள் வளைவைத் தாண்டிவிடுவாள். கடிகாரத்தைப் பிடித்து அவளுக்கு நேரம் சொல்வதற்காகவே நான் கூடப் போவேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த பனிச்சறுக்கு ஓட்டப் போட்டியைப் பார்க்க எஸ்தோனியாவிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வருவதாகவும், அந்நாட்டு இளையோர் அணிக்கு ஒரேயொரு பெண்ணைத் தெரிவு செய்யப் போவதாகவும் அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்து உட்கார்ந்தவள் என்னைப் பார்த்து, “இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். பஸ் தரிப்பிடத்தில் குனிந்து ‘சத்தி’ எடுத்தாள், சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்து, “ஒருத்தருக்கும் சொல்லாதை. ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போட்டு நானே அம்மாட்டைச் சொல்லுறன்” என்றாள். நானும் சத்தியம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் வெளிச்சம் தாங்காமல் கண்களை மூடிக்கொண்டிருந்தாள். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாள். சனிக்கிழமை, படிக்கட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

“என்னடி, சோத்தை அளைஞ்சுகொண்டிருக்கிறாய்?” என்று அம்மா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா திட்டவில்லை. அடுப்பை அணைத்தார்.

“சத்தி எடுத்தவளோ?”

“ஓம்.”

வீட்டுச் செருப்போடே கீழே இறங்கிப் போனார். நான் மேல்படியில் காது கொடுத்து நின்றேன். “பொய்! அவள் பொய் சொல்லுறாள்!” என்று கத்ரி கத்தினாள். சற்று நேரத்தில் அவளுடைய தாய் அவளை அணைத்தபடி வாடகைக் காரில் ஏற்றினார். மூளை அதிர்ந்திருக்கிறது, இன்னொரு தரம் விழுந்திருந்தால் உயிரே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்தது. கத்ரியிடம் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்த இன்னொரு எஸ்தோனியப் பெண் தெரிவானாள். “தலை தப்பினது தம்பிரான் புண்ணியம், மற்றதெல்லாம் பிறகு வரும்” என்றார் அம்மா. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் கத்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏறும் பஸ்ஸில் மறு கதவருகே போய் நிற்பாள். கோடையில் தாயும் மகளும் ஊர் திரும்பினார்கள்.

இரண்டு வருடம் கழித்து அவள் அணியில் சேர்ந்ததையும், ஒருமுறை நீக்கப்பட்டதையும், பிறகு நீண்ட தூரப் போட்டிகளில் தன் நாட்டின் வீராங்கனையாக வென்று நின்றதையும் செய்திகளில்தான் அறிந்தேன். ஒருமுறை ஒஸ்லோவில் ஓடினாள். கடைசிச் சுற்றில் சனமெல்லாம் அவள் கால்களைப் பார்த்துக் கத்த, நான் அவள் தலையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வென்றாள். சந்திக்கத் துணிவில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வருடம் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றவள், ஒஸ்லோ வந்தபோது தானாகவே எனக்குச் செய்தி அனுப்பினாள். ஹவுகெட்டோ ரயில் நிலையத்தில் சந்தித்தோம்.

“அண்டைக்கு நான் ஓடியிருந்தால் வெண்டிருப்பன், தெரியுமோ?” என்றாள், இன்னும் மறக்காத நோர்வேஜிய மொழியில்.

“தெரியும்” என்றேன்.

அதற்குமேல் அதைப்பற்றி அவள் பேசவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நாங்கள் நேரம் பிடித்த திடலில் இப்போது தண்ணீர் ஊற்றி உறையவிடுவதில்லை, குளிர்காலமே மழையாய்ப் போகிறது. வாய் ஓயாமல் கதைத்துத் திரிந்த அந்தச் சிநேகமும் திரும்பி வரவில்லை. ஆனால் பிந்தி வரும் ரயிலைத் திட்டிக்கொண்டு, முப்பது வயதுப் பெண்ணாக, அவள் என் பக்கத்தில் நின்றாள்.