பங்கருக்கு மேல் லாமினேட்

அறைக்குள் இருந்தவர்கள் இவர்கள். வீடுகளுக்கு நிலம் போடுகிற நசீர். கதிரையில் என் மனைவி, பக்கத்தில் அவள் பிடித்து நடக்கிற வோக்கர். கைத்தொலைபேசிக்குள் கனடாவில் இருக்கிற மகள் சுதா. பிறகு நான்.

போன மாதம் நடந்தது. கண்டாவளையில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு லாமினேட் போடுவதாக முடிவு. பார்க்கப் பலகை மாதிரி இருக்கும், முழுப் பலகை இல்லை. ஒன்றோடு ஒன்று கொளுவிக்கொண்டு போகும். காசு மகளுடையது. முடிவும் அவளுடையதுதான்.

காரணம் இருக்கிறது. அந்த அறையின் நடுவில் நிலம் பதிந்திருந்தது. கழுவினால் தண்ணீர் தேங்கும். அதில் வழுக்கித்தான் மனைவி விழுந்தாள். இடுப்பு எலும்பு. இன்னொரு தரம் விழுந்தால் எழும்புவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

லாமினேட் பெட்டியில் எழுதியிருந்ததை நசீர் வாசித்துக் காட்டினார். சீமெந்து நிலம் காய்ந்திருக்க வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டும். மட்டமாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் உள்ள நிலம் வன்னியில் யாரிடம் இருக்கிறது?

முதல் நாளே ஒரு பொலித்தீன் துண்டை நிலத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு உரித்துப் பார்த்தார். அடியில் வியர்வை இல்லை. காய்ந்த நிலம்தான். பழைய சிவப்புப் பொலிஷைச் சுரண்டி எடுத்தார். பிறகு நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்தார். நடுவில், சட்டத்துக்குக் கீழே, என் விரல்கள் புகுந்தன.

ஒரு இரண்டு ரூபாய்க் குத்திக் காசை எடுத்து நிலத்தில் தட்டினார். ஓரமெல்லாம் டிக் டிக். நடுவில் மட்டும்... டொம்.

"அண்ணை, பங்கர் இதிலதானே இருந்தது?"

"எப்பிடித் தெரியும்?"

"இந்தப் பக்கம் எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு இடத்தில டொம் எண்டுதான் கேக்குது."

உண்மைதான். சண்டைக் காலத்தில் ஷெல்லுக்கும் பிளேனுக்கும் ஒளிய வீட்டுக்கு வீடு வெட்டிய குழி அது. திரும்பக் குடியேறி வந்தபோது எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தோம். பங்கருக்கு மேலே அடுக்கியிருந்த தென்னங்குற்றிகளை அப்படியே உள்ளே தள்ளினோம். மண்மூடைகளையும் தள்ளினோம். மேலே மண் போட்டோம். இடித்து இறுக்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்று, "கெதியா மூடுங்கோப்பா" என்றாள். பிறகு வீடு பெருத்தது. அறை அதற்கு மேல் வந்தது. குற்றி உக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தது?

நசீர் இரண்டு வழி சொன்னார்.

"மேலால கலவை ஊத்தி மட்டமாக்கலாம். இந்தக் கிழமையே லாமினேட் போடலாம். ஆனா கீழ குற்றி உக்க உக்கத் திரும்பப் பதியும். மூட்டு விட்டு எழும்பும். அக்கான்ர கால் தட்டும்."

"மற்றது?"

"உடைக்கவேணும். குற்றி எல்லாம் எடுத்து, மண் போட்டு இடிச்சு, புதுசாக் கொங்கிறீட். அது நல்லாக் காயுமட்டும் லாமினேட்டைத் தொடேலாது. ஒரு மாசத்துக்கு மேல செல்லும்."

"ஊத்தி விடுங்கோ அப்பா," என்றாள் மகள். "அதை ஏன் திரும்பத் திறப்பான்?"

"விழுறது நீயோ நானோ?" என்றாள் மனைவி. "உடையுங்கோ தம்பி."

உடைத்தோம். நசீர் தோண்டிக்கொண்டே இறங்கினார். அவருடைய ஆட்கள், முஸ்லிம்கள், தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு முல்லைத்தீவிலிருந்து புத்தளம் போய், கனகாலம் கழித்துத் திரும்பி வந்தவர்கள். பங்கருக்குள் இறங்குவது அவருக்குப் புதிது.

"முதல் தரம் இறங்கிறன். நல்ல குளிரா இருக்கு அண்ணை!"

"சித்திரை வெயிலுக்கு இவள் இதுக்குள்ளதான் நித்திரை," என்றாள் மனைவி, தொலைபேசியைக் காட்டி. "பிளேன் போயிட்டுது, வெளியில வாடி எண்டாலும் வரமாட்டாள்."

"கரண்ட் இல்லாத ஏசி," மகள் சிரித்தாள்.

மண் சுவரில் அவள் ஒரு சின்னத் தட்டு வெட்டி வைத்திருந்தாள். அதில் புளியங்கொட்டை சேர்ப்பாள். வாய்ப்பாடு பாடமாக்கியதும் அதற்குள்தான். மனைவி தேத்தண்ணியோடு இறங்கி வருவாள். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். முழங்காலும் முழங்காலும் முட்டும். கோபித்துக்கொண்டு தள்ளி இருக்க இடமில்லை. ஆகவே கோபிக்கவும் இல்லை.

பங்கருக்கு யாராவது ஏங்குவார்களா? மாட்டார்கள். ஆனால் மூன்று பேரும் ஒரு கை தூரத்துக்குள் இருந்த காலம் பிறகு வரவில்லையே...

நசீர் குற்றிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். உள்பக்கம் உக்கி மாவாகிவிட்டது. வெளித்தோல் மட்டும் குழாய் மாதிரி. கொஞ்ச நேரத்தில் மண்தான் வந்தது.

"எத்தினை குற்றி போட்டனீங்கள்? ஒண்டை விட்டாலும் அந்த இடம் பதியும்."

தறித்தது நான். அடுக்கியதும் நான். "ஒன்பது," என்றேன்.

"நீங்கள் எதைத்தான் ஒழுங்கா எண்ணினனீங்கள்? பத்து," என்றாள் மனைவி.

வெளியே கிடந்தது பதினொன்று.

"ரெண்டு பேரும் பெயில்," என்றார் நசீர். "அப்ப எல்லாம் வந்திட்டுது." ஏறப் போனார்.

"ஏறாதேங்கோ," என்றாள் மகள் தொலைபேசிக்குள் இருந்து. "இன்னும் ரெண்டு இருக்கு."

"உனக்கு எப்பிடியடி தெரியும்? சின்னப்பிள்ளை அப்ப."

"மல்லாந்து படுத்தா மேல அதுதானே தெரியும். ஷெல் விழேக்க நீங்கள்தானே அம்மா எண்ணச் சொல்லுறனீங்கள். எண்ணி முடிச்சா, திரும்ப எண்ணு எண்டுவியள்."

மனைவி வோக்கரைப் பிடித்து எழும்பி, குழியின் ஓரம் வரைக்கும் வந்து நின்றாள்.

நசீர் அலவாங்குக் கம்பியை எடுத்துச் சுவர்ப் பக்கமாகக் குத்தினார். மண்... மண்... பிறகு ஒரு குற்றி. அதற்கு அடியில் இன்னொன்று.

எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்தோம். கமராவை அந்தப் பக்கம் பிடிக்கச் சொன்னாள் மகள். பிடித்தேன். அவளே சத்தமாக எண்ணினாள்.

பதின்மூன்று.