சூடில்லாத முட்டை

அந்த முதல் முட்டையை என் கணவர் உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. ஓட்டில் ஒரு தூசிகூட இல்லை. இது நம் கோழி இட்டதில்லை என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

பத்தொன்பது வருஷம் வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம்தான் குன்னத்துகாலுக்குத் திரும்பியிருந்தேன். அத்தனை காலமும் வீட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மகள் இப்போது பெங்களூரில் வேலை செய்கிறாள். ஜீரக டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட நான் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் எதுவும் இல்லை. அப்படித்தான் கோழி வளர்க்க ஆரம்பித்தேன்.

நாட்டுக்கோழி வாங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போய்ப் பத்து பிராய்லர் குஞ்சுகள் கேட்டேன். முட்டைக்கு என்றதும் பண்ணைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது நாளில் அறுக்க வேண்டிய இனம், அதற்கு மேல் வைத்தால் நெஞ்சு பெருத்து, கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும் என்றார். தீனியை அளந்து போட்டு ஓடவிட்டால் அதுவும் கோழிதானே, ஏன் முட்டையிடாது என்று நான் நினைத்தேன்.

அடுத்த வீட்டில் இருப்பவர் என் கணவரின் அக்கா. மைனி என்று கூப்பிடுவேன். நாட்டுக்கோழி வளர்ப்பவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் குஞ்சுகளைப் பார்த்தார்.

"இது ஊசி போட்டு வளக்குத சாதியாக்கும் மக்கா. முட்டையும் இடாது ஒண்ணும் இடாது. கறி வைக்க உள்ளது."

அப்படி ஊசியெல்லாம் கிடையாது என்றேன். வாழ்க்கை முழுக்க ஊசி போட்டவள் சொல்லியும் அவர் நம்பவில்லை.

முதல் மாதம் குஞ்சுகளுக்கு நடக்கவே மனசில்லை. தீனித்தட்டைச் சுற்றியே உட்கார்ந்திருந்தன. காலையும் மாலையும் கொஞ்சம் போட்டுவிட்டுத் தட்டை எடுத்து ஒளித்து வைத்தேன். பசி வந்ததும் ரப்பர் மரங்களுக்கடியில் சருகைக் கிளறின, கரையான் பொறுக்கின, பப்பாளி இலையைக் கொத்தின. ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. ஒன்று காரணமே தெரியாமல் செத்தது. மிச்சம் ஆறு பெட்டை, இரண்டு சேவல். ஐந்து மாதத்தில் பெட்டைகளின் கொண்டை சிவந்தது. நான் தினமும் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அந்த முட்டை வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. காலையில் கூட்டைத் திறப்பது அவர் வேலை. இரண்டையும் அவரே எடுத்து வந்தார்.

முட்டையிடப்போகும் கோழிக்குப் பின்பக்கத்து எலும்புகள் விலகி, இடையில் இரண்டு விரல் போகும். நான் ஆறு பெட்டைகளையும் பிடித்துப் பார்த்தேன். எதற்கும் ஒரு விரல்கூடச் சரியாகப் போகவில்லை. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நாளையிலிருந்து கூட்டை நான் திறக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நான்கு நாள் திறந்தேன். ஒரு முட்டையும் இல்லை.

ஐந்தாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது கேட்டேன். "நான் தொறந்தா மட்டும் ஏன் முட்டை இல்ல?"

அவர் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அக்காக்க கோழி இட்டதாக்கும். நீ தெனமும் கூட்டுக்குள்ள பாத்துட்டு மொகம் வாடி வாறத காண முடியல்ல."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பேன். எனக்கு அவருடைய பழைய ஃபோன் பேச்சுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எப்போது கூப்பிட்டாலும் 'இங்க எல்லாம் சுகம்' என்பார். பத்தொன்பது வருஷமும் ஒரு வீட்டில் எல்லாமே சுகமாக இருக்குமா?

"இதுமாதிரி வேற என்னெல்லாம் எங்கிட்ட மறைச்சிருக்கிய?"

அவர் புட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார். "பிள்ளை ஒம்பதாம் கிளாசு படிக்கும்ப மஞ்சக்காமாலை வந்து பன்னெண்டு நாளு ஆசுபத்திரியில கெடந்தா."

ஃபோன் கேமரா ரிப்பேர் என்று சொல்லி, வீடியோவில் முகம் காட்டாமல் அவர் வெறும் குரலில் பேசிய நாட்கள் எனக்கு ஞாபகம் இருந்தன. அப்போது நான் வேறு யாருடைய பிள்ளைக்கோ டிரிப் ஏற்றிக்கொண்டிருந்திருப்பேன். மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பாதான் சொல்ல வேண்டாம் என்றார் என்றாள். மைனிக்கும் தெரியும். லீவு கிடைக்காமல் நான் அங்கே தனியாக அழுவேன் என்று நினைத்தார்களாம். இரண்டு நாள் நான் யாரிடமும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நடுப்பகலில் கூட்டிலிருந்து பெரிய கொக்கரிப்பு கேட்டது. போய்ப் பார்த்தால் வைக்கோலில் ஒரு முட்டை. தொட்டால் சூடு, ஈரம், ஓட்டில் மெல்லிய ரத்தக் கோடு. அவர் காலையிலேயே பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போயிருந்தார். ஆனால் மைனி இருந்தாரே. முட்டையை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போய், இது நீங்கள் வைத்ததா என்று கேட்டேன்.

மைனிக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்க கோழி எல்லாம் அடையில இருக்கு. நான் எங்க உள்ள முட்டைய கொண்டு வைக்க?"

என்னோடு வந்து, கத்திக்கொண்டிருந்த பெட்டையைப் பிடித்து அவரே விரல் வைத்துப் பார்த்தார். "ரெண்டு வெரலு போவுது," என்றார், ஏதோ தோற்றுப்போனவர் மாதிரி. அடுப்பில் சட்டியை வைத்து உடைத்து ஊற்றினோம். இரண்டு மஞ்சள் கரு. ஊசியினால்தான் இரண்டு என்று சொல்லிக்கொண்டே பாதியைச் சாப்பிட்டார்.

மறுநாளும் ஒரு முட்டை கிடந்தது. அதை என் கணவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ வாங்கி வச்சதா?" என்றார். அந்த வீட்டுக்கு வந்தபின் நான் மனசாரச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கிறிஸ்துமஸுக்குச் சேவல்கள் கறியாயின. பெட்டைகள் வாரத்துக்கு மூன்று, நான்கு என்று இடுகின்றன. பிராய்லர் முட்டை வேண்டாம் என்று சபைப் பெண்கள் சிலர் இன்னும் முகம் சுளிப்பது உண்டு.

போன மே மாதம், வெயில் கொளுத்திய ஒரு நாள், நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் தோட்டத்திலிருந்து வேகமாக வந்தார். "ஒரு கோழி செத்துப்போச்சு. வெயில் தாங்கல்ல போல," என்றார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை, அவ்வளவுதான் என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் மற்ற ஐந்தையும் எண்ணிப் பார்த்தேன்.