ஏழாவது தாள்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் அலுவலகத்தில் பதினோரு கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து ஒரே பிரிண்டர். ஒரு வாரமாக அது யாரும் கேட்காமலே வெற்றுத் தாள்களைக் கக்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உருண்டது என் தலைதான்.

"ஏதோ ஒண்ணுல வைரஸ் புகுந்திருக்கு. எதுன்னு இன்னிக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

மதியம் 1.10. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். க்ர்ர்ர்... டக். பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கியதும் நிற்கிறதோ, அதுதான் திருடன். பத்தைப் பிடுங்கியும் நிற்கவில்லை.

மிச்சம் ஒன்று. ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுடையது. கூடப் பிறக்காத குறைதான், ஒன்பது வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்தின்போது அவர்மேல் விழுந்து கதறியவன் நான். அதன்பிறகு அவர் மேசைப் பக்கம் போகவே மனசு வரவில்லை.

1.22. அந்த ஒயரைப் பிடுங்கினேன்.

பிரிண்டர் நின்றது.

கம்ப்யூட்டரை அணைக்க மேசைக்கடியில் குனிந்தேன்...

கரண்ட் ஒயரே இல்லை. யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பிரிண்டர் தட்டில் ஏழு தாள்கள். இந்த முறை வெற்றுத் தாள் இல்லை. மேனேஜருக்கு அண்ணன் எழுதிய கடிதங்கள். எல்லாமே என்னைப் பற்றி. 'வேலை தெரியாதவன். பாஸ்வேர்டை வெளியே விற்கிறான். இவனை மேலே ஏற்றிவிடாதீர்கள்.'

அடப்பாவி! கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எனக்கே குழி பறித்திருக்கிறான். பயத்தை முந்திக்கொண்டு அழுகைதான் வந்தது.

ஆறாவது வரைக்கும்தான் படிக்க முடிந்தது. அப்படியே கொண்டுபோய் மேனேஜர் முன்னால் போட்டேன். அவர் டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"அவரு இருந்தப்பவே குடுத்தது. நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

அண்ணன் கையெழுத்தோடு அதே கடிதங்கள். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒன்று... இரண்டு... ஆறு.

"ஏழாவது எங்கிட்ட இல்லையே..."

தாளை என் பக்கம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன்.

தேதி, அண்ணனை அடக்கம் செய்ததற்கு மறுநாள்.

இரண்டே வரி.

'நேற்று என்மேல் விழுந்து அவன் அழுதது வெறும் நடிப்பு.

நம்ப வேண்டாம்.'