ஸ்லேட்டை எடுத்துவிட்டு எடுத்த படம்

1. தலையணைக்கு அடியிலிருந்து

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த வேலாயுதம் அண்ணனுக்கு வலது கை முழுக்க மாவுக்கட்டு. இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஏ தங்கச்சி, இது ஒன் படம்லா? நல்லா பாத்துச் சொல்லு."

அது ஒரு மெமோ. மேலே ஸ்ரீ விஜயபுரம் என்று எங்கள் தீவுத் தலைநகரின் புதிய பெயர் போட்ட லைட் ஹவுஸ் அலுவலக முகவரி. கடைசிப் பக்கத்தில் ஜெராக்ஸ் மையில் கறுத்துப்போன ஒரு லைட் ஹவுஸ் படம். கோபுரம், அதன் வாசலுக்கு ஏறும் பதினாலு இரும்புப் படிகள், வெள்ளை அடித்த கைப்பிடி, பின்னால் நடுவில் பிளந்த ஒரு மேகம். அந்த மேகம் எனக்குத் தெரியும்.

"ஆமாண்ணே. நான் எடுத்ததுதான்."

"வேற எவனும் எடுத்திருந்தா வைதுட்டுப் போயிருப்பேன். நீ எடுத்தத எப்பிடி வைய?" என்று சிரிக்கப் பார்த்தார். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

அண்ணனுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். தீவுகளில் முப்பது வருடமாக லைட் கீப்பர். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்க் கேனோடு படியேறும்போது பத்தாவது படியில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கீழே கான்கிரீட் தளம். கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று அதற்கு முன்பே மூன்று கடிதம் எழுதியிருந்தார். மெமோ சொன்னது வேறு: மார்ச் மாதம் கைப்பிடி முழுவதும் மாற்றப்பட்டது, படம் இணைக்கப்பட்டுள்ளது, ஆகவே இது ஊழியரின் கவனக்குறைவு, பதினைந்து நாளில் விளக்கம் தேவை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது, பணியில் பட்ட காயம் என்பதை இல்லையென்றாக்கி, அதற்கு மேல் தண்டனையும் கொடுக்கப் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரே சாட்சி என் படம்.

"மார்ச்சுல ரெண்டு பேரு வந்தானுவ. துருவு மேலயே பெயின்ட் அடிச்சானுவ. சாயங்காலம் டுங்கிப் படகுல ஏறிப் போயிட்டானுவ. ஒரு கம்பி மாத்தல. நா விழுந்த மறுநாளே ஒடஞ்சதையும் அறுத்து எடுத்துட்டுப் போயாச்சு. எங்கிட்ட இருக்கது பட்டன் போனு. எதக் காட்டுவேன்?"

குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டுக்கு வரும்வரை ஆட்டோக்காரர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை.

2. கைதிக்கு நம்பர் போட்ட மாதிரி

புதிதாகக் கேமரா தூக்கி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் என் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன்.

அபர்டீன் பஜாரில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் படம்தான் அன்றாடத் தொழில். அதோடு இருபத்திரண்டு வருடமாகத் தீவுகளின் பழைய லைட் ஹவுஸ், பழைய ஜெட்டி, ஜப்பான்காரன் பங்கர், வெள்ளைக்காரன் கல்லறை எல்லாவற்றையும் அரசு அலுவலகங்களுக்கு ஆவணத்துக்காகப் படமெடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முழு உருவமும் தெரியும் முதல் ஃப்ரேமில் ஒரு சிலேட்டுப் பலகை நிற்கும். அதில் இடம், தேதி, நேரம் சாக்பீஸில் எழுதியிருக்கும். பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு மீட்டர் கம்பு, அளவுக்காக. அன்று மாலையே டைரியில் லென்ஸ், வெளிச்சம், கடல், வந்த கப்பல் எல்லாம் எழுதிவிடுவேன். என் அப்பா சிலோனிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் செக்ரோல் என்னும் ஆள்கணக்கு எழுதியவர். ஆள் வேலைக்கு வந்தாரா இல்லையா என்பதை அன்றன்றே குறிக்காவிட்டால் அந்த ஆளின் நாளே இல்லாமல் போய்விடும் என்பார். பழக்கம் அங்கிருந்து வந்தது.

ஆறு வருடத்துக்கு முன் இந்த லைட் ஹவுஸுக்குப் போனேன். தீவின் பெயரை எழுதவில்லை. அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். மஞ்சள் புகைக்குழாய் வைத்த அந்தப் பழைய கப்பலில் போய், கடலில் டுங்கிக்கு மாறி, இடுப்பளவு தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அங்கே ஜெட்டி கிடையாது. ஆவணத்துக்கு நாற்பத்தொரு ஃப்ரேம். அதில் பன்னிரண்டு, கைப்பிடி அடியில் துருப்பிடித்த இடங்களை அளவுக் கம்போடு கிட்டத்தில் எடுத்தவை. "பெயின்ட்டுதான் கம்பியப் புடிச்சிட்டு நிக்கி" என்று அண்ணன் அன்றைக்கே சொன்னார். அதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றையும் அலுவலகத்தில் கொடுத்தேன். சூப்பரிண்டெண்டென்ட் திருச்சிக்காரர். அந்தத் தீவுக்கு அவர் போனதே இல்லை. இங்கே வேலைக்கு வந்த முதல் மாதம் அதே மஞ்சள் புகைக்குழாய்க் கப்பலில் லாங் ஐலண்ட் வரை போய், வாந்தியெடுக்க வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிய கதையை அவரே எல்லோருக்கும் சொல்வார். அதற்குப் பிறகு அவருடைய டூர் எல்லாம் வண்டூர் வரைதான், அதுவும் ஜீப்பில்.

என் படங்களைப் புரட்டிவிட்டு, "என்ன மேடம், ஜெயில்ல கைதிக்கு நம்பர் போட்ட மாதிரி லைட் ஹவுஸுக்குப் பலகை வச்சிருக்கீங்க? காலண்டர் போடறோம். ஸ்லேட் ஹட்டாவோ! பலகை இல்லாம ஒண்ணு குடுங்க. கீழ உங்க பேர் வரும்" என்றார்.

நாற்பத்தொன்றில் சேராத அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. சிலேட் ஃப்ரேம் எடுத்து முடித்ததும் மேகம் நடுவில் பிளந்து, வெளிச்சம் நேராகக் கோபுரத்தின்மேல் விழுந்தது. பலகையை ஓடிப்போய் எடுத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அழகாக வந்தது. அதை யாருக்கும் கொடுத்திருக்கக் கூடாது. காலண்டரில் என் பெயர் வரும் என்ற ஆசையில் கொடுத்தேன். இன்றைக்கு வரை மற்றவர்கள்மேல் வரும் கோபத்தில் பாதி இங்கேதான் வந்து முட்டுகிறது.

பெயரும் வரவில்லை.

3. "லைட் ஹவுஸ் ஓடியா போச்சு?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு மெமோவின் நகலோடு சூப்பரிண்டெண்டென்ட் மேசைக்கு முன்னால் நின்றேன். இந்தப் படம் ஆறு வருடப் பழையது என்றேன்.

"அதனால என்ன மேடம்? லைட் ஹவுஸ் ஓடியா போச்சு? அதே இடத்துலதானே நிக்குது."

"கைப்பிடி மாத்துனதுக்கு சாட்சியா வச்சிருக்கீங்க சார். மாத்தவே இல்ல."

"ஒர்க் கம்ப்ளீட்னு காகிதம் இருக்கு. அதோட ஒரு போட்டோ வைக்கணும்னு ரூல். போய் எடுக்க அன்னிக்கு போட் கிடைக்கல. கையில இருந்தத வச்சோம். இதுக்குப் போயி..."

"அந்தக் காகிதத்துல நீங்கதானே கையெழுத்து போட்டிருக்கீங்க? போய்ப் பாத்தீங்களா?"

"மேடம், நீங்க போட்டோகிராஃபர். எடுத்துக் குடுத்ததோட உங்க வேலை கதம். அப்புறம் அது ஆபீஸ் ப்ராபர்ட்டி. வேலாயுதத்துக்கு உங்ககிட்ட என்ன அவ்வளவு பாசம்? மீன் குழம்பு வச்சுப் போட்டாரா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்குப் பின்னாலிருந்த ஃபைல் அலமாரியைப் பார்த்தேன். துருவைக் கிட்டத்தில் எடுத்த பன்னிரண்டு படமும் அதே அலமாரியில், அதே ஃபைலில் ஆறு வருடமாக இருந்தன. நான் கொடுத்ததில் ஒரு மனிதனைக் காப்பாற்றக்கூடிய பன்னிரண்டை விட்டுவிட்டு, அவரைக் கவிழ்க்கக்கூடிய ஒன்றை மட்டும் தேடி எடுத்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் உழைக்கக்கூட இல்லை. கைக்கு எட்டியதை எடுத்தார்கள். என்னை அதிகம் எரித்தது அதுதான். திட்டம் போட்டுச் செய்திருந்தால் எதிரி என்றாவது சொல்லலாம். இது வெறும் சோம்பல். ஒருவருடைய கை எலும்பு அதில் போயிருக்கிறது.

4. வெட்டி எடுத்த ஓரம்

விசாரணைக்கு மெயின்லாண்டிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இந்திதான் பேசினார்; மரியாதையாகவே பேசினார். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, கட்டுப் போட்ட கையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாட்சியாக நான் போனேன்.

டைரியைக் கொடுத்தேன். அது சொந்தக் குறிப்பு, யாரும் எப்போதும் எழுதிக்கொள்ளலாம் என்றார். கணினியிலிருந்த அசல் கோப்பின் தேதியைக் காட்டினேன். கேமராவில் தேதியை மாற்றலாமே என்றார். சிலேட் படத்தைக் கொடுத்தேன். "யே தோ சாக் ஹை" என்றார். சாக்பீஸ்தானே, என்ன தேதி வேண்டுமானாலும் எழுதலாம் என்று அர்த்தம். சூப்பரிண்டெண்டென்ட் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

நான் எதிர்பார்த்து வந்தது இதைத்தான். முந்தைய நாள் முழுக்க, பலகை உள்ளதும் இல்லாததுமான அந்த இரண்டு ஃப்ரேமையும் பெரிதாக்கி ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்திருந்தேன். பையிலிருந்து, பலகை இல்லாத அந்தப் படத்தையே முழு அளவில் பிரின்ட் போட்டு மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில், அதே பிளந்த மேகத்தோடு மெமோவில் இருந்த படம்.

மெமோவில் இருந்தது காலண்டருக்காக வெட்டியது. வலது ஓரத்தில் நாலு விரல் அகலம் போயிருந்தது. முழுப் படத்தில் அந்த நாலு விரலுக்குள், என்னை இறக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருந்த கப்பல் நின்றது. சின்னதாக, ஆனால் மஞ்சள் புகைக்குழாய் தெளிவாக.

சூப்பரிண்டெண்டென்டைப் பார்த்து இந்தியிலேயே கேட்டேன், அதிகாரிக்கும் புரியட்டும் என்று: "சார், இந்தக் கப்பல் எது?"

அவர் குனிந்தார். நிமிரவே இல்லை.

"தெரியலையா? இதுல நீங்க வாளியக் கட்டிப்புடிச்சிட்டு வந்தீங்களே."

அண்ணன் சிரிப்பு வந்து விலாவைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் டீ கொண்டுவந்த அம்மாள் படத்தை எட்டிப் பார்த்துக் கப்பலின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். தீவில் அந்தக் கப்பலைத் தெரியாதவர் கிடையாது. கொரோனாவுக்கு அடுத்த வருடம் அதை உடைக்க இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரே ஜெட்டியில் நின்று பார்த்தது. உடைந்துபோன கப்பல் இந்த மார்ச் மாதம் லைட் ஹவுஸுக்கு எதிரே வந்து எப்படி நிற்கும்?

அதிகாரி இரண்டு படத்தையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அண்ணன் எழுதிய மூன்று கடிதங்களையும் ஃபைலிலிருந்து எடுக்கச் சொன்னார். மூன்றும் இருந்தன. பின் குத்தி, வரிசை எண் போட்டு, யாரும் படிக்காமல்.

5. இடது கை எழுத்து

மெமோ திரும்பப் பெறப்பட்டது. பணியில் பட்ட காயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணனுடைய வலது கை தோளுக்கு மேலே இனி எழும்பாது, விரல்களும் சரியாக மடங்காது. அதற்கு எந்தக் காகிதமும் இல்லை. "தவறுதலாக இணைக்கப்பட்ட புகைப்படம் நீக்கப்படுகிறது" என்று ஒரு வரியோடு ஃபைல் மூடியது. நீக்க வேண்டாம், அங்கேயே வைத்து அடியில் தேதியை எழுதுங்கள் என்று மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. சூப்பரிண்டெண்டென்ட் அதே நாற்காலியில் இருக்கிறார். அலுவலகத்துக்குப் படமெடுப்பவர்களின் அடுத்த பட்டியலில் என் பெயர் இல்லை.

நான் கற்றது ஒன்றுதான். இடமும் தேதியும் இல்லாத ஒரு ஃப்ரேம்கூட என் கையிலிருந்து இப்போது வெளியே போவதில்லை. காலண்டருக்கு, கல்யாணத்துக்கு, பத்திரிகைக்கு, யார் கேட்டாலும் சரி. அழகு கெடுகிறது என்றால் கெடட்டும். நீங்களும் கொடுக்காதீர்கள். உங்கள் படம் நீங்கள் இல்லாத அறையில் உங்களைக் கேட்காமல் பேசும். என்ன பேசும் என்பதை எடுக்கும்போதே அதன்மேல் எழுதிவிடுங்கள்.

சென்ற மாதம் என் சொந்தச் செலவில் அந்தத் தீவுக்குப் போனேன். அண்ணன் வேலையில் சேர்ந்துவிட்டார். கைப்பிடி உடைந்த இடத்தில் நைலான் கயிறு கட்டியிருந்தது. புதுக் கம்பி இன்னும் வரவில்லை. படம் எடுக்கப் பலகையை எடுத்தேன்.

"கொண்டா, நா எழுதுதேன்" என்றார்.

"வலது கை வராதேண்ணே."

"இடது கை சும்மாதான் கெடக்கு. இந்தக் கையெழுத்த வேற எவன் போடுவான்னு பாப்போம்."

படியில் உட்கார்ந்து, பலகையை முழங்காலில் இறுக்கிக்கொண்டு எழுதினார். தேதியை எழுதி முடிக்க நாலு நிமிடம் ஆனது. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. நான் காத்திருந்தேன். மேகம் வெளிச்சத்தை மூடிக்கொண்டிருந்தது; அதை நான் பொருட்படுத்தவில்லை. பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, கயிறு கட்டிய கம்பிக்குப் பக்கத்தில் அவரையே நிற்கச் சொல்லி எடுத்தேன்.