கீழ் வீட்டுக்குக் கேட்ட அடவு

குண்டாக இருப்பவர்கள் சத்தமில்லாமல் நடப்பார்கள். வேண்டுமானால் கவனித்துப் பாருங்கள். மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிறவர்கள் எல்லாம் ஒல்லிகள்தான். அவர்களைப் பார்த்து 'வீடு ஆடுகிறது' என்று யாரும் சொல்லப்போவதில்லை, அந்தத் தைரியம். நான் சின்ன வயதிலிருந்தே முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைப் பிறகு மெதுவாக இறக்கி நடந்து பழகியவள். அடுக்களையில் திரும்பும்போது பின்னால் நான் நிற்பதைப் பார்த்து என் கணவர் எத்தனையோ தடவை திடுக்கிட்டிருக்கிறார்.

"பூனை மாதிரி வந்து நிக்காதேடி, உயிரே போயிடறது" என்பார்.

"ஆனை மாதிரி வந்தா மட்டும் பிடிச்சுடுமாக்கும்" என்பேன்.

வங்காளிகளின் ஊரில், லேக் கார்டன்ஸ் பகுதியில் பழைய மாடி வீடு எங்களுடையது. மேலே நானும் அவரும். பையன் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டான். கீழே வீட்டுக்காரி, கணவரை இழந்து தனியாக இருப்பவள். வயதில் மூத்தவள் என்பதால் நான் அவளை மாஷிமா என்பேன், சித்தி மாதிரி. அவள் என்னை பௌமா என்பாள், மருமகளைக் கூப்பிடுவதுபோல. பழமொழியில் எனக்குப் பைத்தியம் என்று தெரிந்த பிறகு, படியில் பார்க்கும்போதெல்லாம் வங்காள மொழியில் ஒன்று சொல்லி, பதிலுக்குத் தமிழில் ஒன்று வாங்கிக்கொள்வாள்.

ஒரு மழைக்கால மாலையில் தெரு நவராத்திரிப் பூஜைக் கமிட்டிப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு நான் பௌதி, அதாவது அண்ணி. "பௌதி, நீங்கள் சௌத் இண்டியன். இந்த வருஷம் சப்தமி அன்று மேடையில் ஒரு பரதநாட்டியம் ஆடிவிடுங்கள்."

இந்த ஊரில் இது வழக்கம். தமிழ்ப் பெண் என்றால் இட்லி வார்ப்பாள், பரதம் ஆடுவாள் என்பது அவர்கள் கணக்கு. மீன் சாப்பிடாத வங்காளி இருக்கமுடியாது என்று நாம் நினைக்கவில்லையா, அப்படி. சிரித்து மழுப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது. ஐம்பதை நெருங்கும் இந்த உடம்பைப் பார்த்து ஒருத்தி 'ஆடு' என்று சொல்கிறாள், அவள் முகத்தில் கேலி இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களையும் ஆடக் கூப்பிட்டபோதுகூட என்னைத் திரை இழுக்கத்தான் நிறுத்தினார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் ரசத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம். நீ என்ன சொல்லப்போறே, மேடை கோணல்னா?"

மறுநாள் மாஷிமாவிடம் அந்தப் பழமொழியைச் சொன்னேன். கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அவர்களிடமும் அதே உண்டாம்: நாச்தே நா ஜான்லே உடோன் பாங்கா. ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல். இரண்டு தேசத்திலும் எனக்கு முன்னாலேயே யாரோ ஒருத்தி தட்டுத் தடுமாறியிருக்கிறாள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கரியாஹாட் கடைத்தெருவில் புடவைக் கடைக்கு மேலே ஒரு நாட்டிய வகுப்பு. சொல்லிக்கொடுத்த பெண் வங்காளி, என் பையனைவிடச் சற்றுப் பெரியவளாக இருப்பாள். தமிழ்ப் பதங்களை மனப்பாடமாக ஆடுவாள். என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, நீங்கள் எனக்கு அர்த்தம் சொல்லுங்கள், நான் உங்களுக்கு அடவு சொல்லுகிறேன்" என்று ஒப்பந்தம் போட்டாள். வாரத்தில் சில மத்தியானங்கள் போனேன். என்னைப்போல் குடும்பப் பெண்கள்தான் கூட ஆடியவர்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் கற்றுக்கொடுத்தது நமஸ்காரம். ஆடுமுன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பூமியே, உன்னை மிதிக்கப்போகிறேன், பொறுத்துக்கொள் என்று கேட்கிற மன்னிப்பு. அது எனக்கு உடனே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். பஸ்ஸில் உட்காரும்போது பக்கத்து ஆளிடம், கடையில் அளவு கேட்கும்போது கடைக்காரப் பையனிடம், நாற்காலியிடம்கூடக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது தட்டடவு. முழங்காலை மடக்கி அரைமண்டியில் நின்று பாதத்தை முழுதாகத் தரையில் அடிக்க வேண்டும். அதுதான் வரவில்லை. காலைத் தூக்குவேன், தாளம் சரியாக இருக்கும். தரையைத் தொடும் நேரத்தில் என் பாதம் தானாகப் பூனையாகிவிடும். இடது முழங்காலில் வேறு வலி. அந்தக் கால் எப்போதும் ஒரு இழை தாமதமாக இறங்கும்.

டீச்சர் தட்டுக்கழியைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, மன்னிப்புக் கேட்டாகிவிட்டது இல்லையா? அப்புறம் ஏன் மிதிக்கவில்லை? மிதிக்காமல் போவதற்கு எதற்கு மன்னிப்பு?"

"தரை…"

"தரைக்கு ஒன்றும் ஆகாது. சப்தமி அன்று இப்படித் தடவிக்கொண்டு நின்றால் முன்வரிசைக்குக்கூட ஆட்டம் தெரியாது. மிதிக்க வந்தால் மேடை ஏறுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் காலையில் அவர் பேங்குக்குக் கிளம்பிய பிறகு கூடத்தில் பழகினேன். அங்கேயும் திருட்டுத்தனம்தான். சிவப்பு சிமென்ட் தரையைத் தொட்டு முறையாக நமஸ்காரம் செய்வேன். பிறகு பையனுடைய மெத்தையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி ஆடுவேன். கீழே மாஷிமாவுக்கு ஒரு பொட்டுச் சத்தம் போயிருக்காது.

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்த சமயம். ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து, கரியாஹாட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு படியேறினேன். மாஷிமா கதவைத் திறந்தாள்.

"பௌமா, இன்றைக்குக் கால் நன்றாக விழுந்தது."

"எங்கே மாஷிமா?"

"எங்கேயா? என் தலைமேல்தான். சாப்பிட்டுப் படுத்தேன், ஆரம்பித்துவிட்டாய். தூங்கவே இல்லை, கேட்டுக்கொண்டு கிடந்தேன்."

"நான் இப்பத்தான் வரேன். கையில் பை இருக்கு பாருங்க."

அவள் பையைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள். பிறகு, வயதானவர்கள் தங்கள் காதைத் தாங்களே சந்தேகிக்கும்போது சிரிக்கிற ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, "அப்போது கனவாக இருக்கும்" என்றாள்.

கனவு என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வகுப்பு நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த தடவை நான் கேட்காமலேயே, "இன்றைக்கு வேகம் கூடியிருக்கிறது" என்றாள். நான் கரியாஹாட்டில் தரையைத் தடவிக்கொண்டிருக்கும் அதே நேரம், பூட்டிய என் வீட்டில் யாரோ ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மெத்தை சுவரோரம் சாய்த்தபடி இருக்கும். திரைச்சீலை அசையாது.

கணவரிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மோட்டார் ஓடற சத்தம்டி. இல்லேன்னா பக்கத்து மனையிலே தூண் இறக்கறான்."

"மோட்டாருக்குத் தாளம் தெரியுமா?"

"உன் மாஷிமாவுக்குத் தெரியும்கறியே, அது போறும்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் கூடத்து விளக்கை அணைக்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார்.

ஒரு வகுப்பு நாளில் புடவை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி இறங்கினேன். தெருவுக்குப் போகாமல் மாஷிமா வீட்டுக்குள் நுழைந்தேன்.

"நானும் கேக்கறேன்" என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். கண்ணாடி அலமாரியில் மண்பொம்மைகளும் பீங்கான் கிண்ணங்களும் அடுக்கியிருந்தன. தெருவே சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். ரிக்ஷா மணிகூட இல்லை. மாஷிமா மின்விசிறியை நிறுத்தினாள். வியர்வை காதோரம் இறங்கியது. சரி, ஒன்றுமில்லை என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

முதல் அடி விழுந்தது.

தெய்யா தெய். சரியாக என் கூடத்தின் நடுவில். வலது, இடது, வலது, இடது. நான் பயந்ததுபோல் யானைச் சத்தமாக அது இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிக்கிறபோது சுவர் வழியாக வருமே, கனமாக, அடக்கமாக, அந்த மாதிரி. அலமாரியைப் பார்த்தேன். ஒரு கிண்ணமும் அசையவில்லை. தன் காலடி கீழ்வீட்டுக்கு எப்படிக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இத்தனை வருஷமும் அது ஏதோ இடி என்று நினைத்து நான் கால்விரல் நுனியில் வாழ்ந்திருக்கிறேன்.

இப்படி யோசித்துக்கொண்டே கேட்டபோதுதான் உறைத்தது. நான் இங்கே கட்டிலில் இருக்க, அதை என் காலடி என்று ஏன் நினைத்தேன்? காதைத் தீட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் இடது கால் ஒரு இழை தாமதமாக விழுந்தது.

மாஷிமாவின் கையைப் பிடித்தேன். அவள் கை சாதாரணமாக இருந்தது. "நல்ல கால்" என்று மட்டும் சொன்னாள்.

ஓடிப்போயிருக்கலாம். காளிகாட்டுக் கோவிலுக்குப் போய் ஒரு கயிறு வாங்கிக் கட்டியிருக்கலாம். ஆனால் எனக்குப் பயத்தோடு கூடவே பொறாமையும் வந்தது. காலைதோறும் மன்னிப்புக் கேட்டவள் நான். கேட்டுவிட்டு மிதிக்காமல் மெத்தையில் ஏறியவளும் நான்தான். நான் விட்டுவிட்டுப் போன மிதியை எல்லாம் வேறு யாரோ எடுத்து மிதிக்கிறார்கள். அதுவும் என் வீட்டில், என் முழங்காலோடு.

படியேறினேன். ஏற ஏறச் சத்தம் குறையவில்லை, கூடவுமில்லை. சாவியைத் துவாரத்தில் வைத்தபோதும் கேட்டது. கதவைத் தள்ளினேன். கூடம் காலி. வெயில் தரையில் கட்டமாகக் கிடந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் உள்ளங்காலில் ஏறியது. தரை துடித்துக்கொண்டிருந்தது.

குனிந்தேன், தொட்டேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மெத்தைப் பக்கம் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூக்கிய காலை அது எப்படி விழுமோ அப்படியே விட்டேன்.

என் தொடை அதிர்ந்தது, வயிறு அதிர்ந்தது, கன்னம் வரை அதிர்ந்தது. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் எனக்கு இருந்ததை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அடுத்த கால். அடுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே முற்றத்திலிருந்து மாஷிமாவின் குரல் வந்தது.

"பௌமா! நீ மேலே போன பிறகு இரண்டு பேராகிவிட்டதே! யார் கூட?"

நிறுத்தினால் மறுபடி பூனையாகிவிடுவேன் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை. என் இடது கால் தாமதமாக இறங்கும்போது பக்கத்தில் இன்னொன்றும் அதே தாமதத்தோடு இறங்கியது. இடித்துக்கொள்ளவில்லை.

சப்தமி அன்று மூங்கிலுக்குமேல் பலகை பரப்பிய மேடை. மேடை அலங்காரம் போட்ட ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கீழே போய் ஒரு முட்டுக்கொம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முன்வரிசையில் ஒரு சிறுமி, "ஏ பாபா, எவ்வளவு மோட்டா!" என்று உரக்கச் சொன்னாள். அவள் அம்மா வாயைப் பொத்தினாள். சிவப்புப் புடவையில் நின்ற எனக்குத் திரை இழுக்கிற கயிறு கண்ணில் பட்டது. டீச்சர் ஓரத்தில் தாளத்தோடு உட்கார்ந்து, தாடையால் 'ம்' என்றாள்.

மிதித்தேன். பலகை முழங்கிற்று. அந்தச் சிறுமி அம்மாவின் கையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் அடவு மறந்து வெறும் காலை மட்டும் தட்டிக்கொண்டு நின்றேன். டீச்சர் சொற்கட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்துக் காப்பாற்றினாள். என் கணவர் ஐந்தாறு வரிசை தள்ளி, மேடையைப் பார்க்காமல் மேடைக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம். மேடை தாங்கியது.

இறங்கியதும் கமிட்டிப் பெண்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பந்தலில் தாக் மேளம் ஆரம்பித்துவிட்டது. தேங்காய் நார் புகையும் மண் தூபக்கால்களை ஏந்திக்கொண்டு பெண்கள் அம்மன் முன்னால் ஆடப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. களைத்திருப்பாள் என்று நினைத்திருக்கலாம். நானே போனேன். படித்த அடவு ஒன்றும் அங்கே செல்லாது, மேளம் இழுக்கிற பக்கம் கால் போக வேண்டியதுதான். புகை அடர்ந்து யார் முகமும் தெரியவில்லை. வெறும் மண் தரை. பக்கத்தில் ஒரு பாதம் விழுவது மண் வழியாக எனக்குத் தெரிந்தது. கனமான பாதம், மேளத்துக்கு ஒரு இழை பின்னால்.

திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு ஆடினேன்.