குறுக்குப் பாதையில் ஒரு பரீட்சை

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஹட்டனில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் கணினி வலையமைப்பு வகுப்பு நடந்தது. உண்மையான ரவுட்டர் ஒன்றுகூட அங்கே இல்லை. திரையில் படமாக வைத்து, படமாகவே கம்பி இழுத்து, கட்டளைகளைத் தட்டுவோம். இல்லாத சாமானைப் பழுதுபார்ப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள்.

செய்முறைப் பரீட்சையில் இருவருக்கு ஒரு கணினி. என் கூட்டாளி மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். கொழும்புக் கம்பனி ஒன்று அவனைத் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வுக்கு, சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

வலையமைப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, ரவுட்டர்கள் தாமே வழி கண்டுபிடிக்கும்படி செய்ய வேண்டும். பூஜ்யம் என்ற எண்ணுள்ள பகுதிதான் நடு. மற்றவை எல்லாம் அதைத் தொட வேண்டும். ஆபீஸைத் தாண்டாமல் லீவுக் கடிதம்கூட நகராத தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. இதைக் கண்டுபிடித்தவர் கொஞ்சகாலம் தோட்டத்துரையாக இருந்திருக்க வேண்டும்.

அவன் சொல்லச் சொல்ல, அவனுடைய தோட்டத்தையே வலையமைப்பாக வரைந்தேன். துரை இருக்கும் ஆபீஸுக்குப் பூஜ்யம் போட்டதில் இருவருக்கும் தனித் திருப்தி. தோட்டத்தின் பிரிவுகளில், கீழ் டிவிசனுக்கு ஒன்று, மேல் டிவிசனுக்கு இரண்டு. கீழ் டிவிசனை ஆபீஸோடும், மேல் டிவிசனைக் கீழ் டிவிசனோடும் இணைத்தோம்.

யாழ்ப்பாணத்துக்காரரான சார் வந்து, மேல் டிவிசனிலிருந்து ஆபீஸுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். போகவில்லை.

"மேல் டிவிசன் ஏன் ஆபீஸைத் தொடாமல் நிக்குது?"

"குறுக்கால இறங்குனா கீழ் டிவிசன் கிட்டங்க சார்," என்றான் கூட்டாளி. "ரோட்டுல ஆபீஸுக்குப் போனா ஒரு மணி நேரம். யாருங்க அப்படிப் போவாங்க?"

"ரவுட்டருக்குக் கால் இல்லை ஐசே. பத்து நிமிஷம் தாறன். திருத்தும்."

நான் அந்தக் கம்பியை அழிக்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"அதுல கைய வைக்காதடா. அழிச்சா எல்லா நம்பரையும் மாத்தணும். நேரம் பத்தாது."

"அப்ப திங்கக்கிழம வெறுங்கையோட போறியா?"

அவன் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். நான் எட்டிப்பார்க்காத பக்கம். நடுவைத் தொட வழியில்லாத பகுதிக்கு, இடையிலுள்ள பகுதி வழியாக நேரே தொடுவதுபோல் காட்டும் ஒரு பாவனைத் தொடுப்புப் போடலாமாம். இரு முனை ரவுட்டர்களிலும் ஒவ்வொரு வரி.

"தொடாமலே தொட்டதா எழுதிக்கலாம்," என்றான். "நம்ம ஆபீஸ்ல நடக்காததா?"

முதல் தடவை ஓர் எண்ணைப் பிழையாகத் தட்டினான். ஆறு நிமிடம் போயிற்று. அவன் மூச்சுவிடாமல் மறுபடி தட்டினான். செய்தி போய்ச் சேர்ந்தது.

சார் மூன்று முறை அனுப்பிப் பார்த்தார். மூன்றும் போயின.

"வேலைக்குப் போய் இப்பிடிச் செய்யாதையும்," என்று சொல்லிவிட்டு, அவனுடைய தாளில் 'சித்தி' என்று எழுதிப் பாஸ் போட்டார்.

"கையோட சான்றிதழையும் குடுத்துருங்க சார். திங்கக்கிழம கேப்பாங்க."

சார் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீர் என்ன செய்தனீர்?"

"படம் வரைஞ்சேங்க சார்."

நான் அடுத்த மாதம் மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தேன். தனியாக.