வாஷ்பேசின் ஓரத்து எடை மெஷின்

என் அண்ணி எந்த வீட்டுக்குள் போனாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்ப்பாள். சுருண்டு கிடக்கும் மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர், ஈரம் காயாத குளியலறை வாசல். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போய்க் கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு மானமே போயிற்று. "வயசானவங்க ரெண்டு பேர் நடமாடுற வீடு. தடுக்கி விழுந்தா நீயா வந்து பாப்பே?" என்று என் மேலேயே பாய்ந்தாள். அண்ணன் அன்று முழுக்க எங்கள் இருவரோடும் பேசவில்லை.

அவள் வேலை அப்படி. தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டில் கருவிகளைப் பொருத்துவாள். பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் அவர்களையும் கருவிகளையும் பார்த்துவிட்டு வருவாள். வாசல் கதவில் ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று, படுக்கைக்கு அடியில் ஒரு விரிப்பு, கையில் ஒரு வாட்ச், இதயம் பலவீனமானவர்களுக்கு ஓர் எடை மெஷின். எல்லாம் தானாகவே எங்கள் ஆபீஸுக்குச் சேதி அனுப்பிவிடும். ஆபீஸ் என்பது ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறை. அங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. பச்சை என்றால் நிம்மதி, மஞ்சள் என்றால் போன் போட வேண்டும், சிவப்பு என்றால் ஆளை அனுப்ப வேண்டும். அந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதும் அண்ணிதான். "எப்படியும் வாய் ஓயாமத்தான் பேசிட்டிருக்கே, அதுக்கு ஒரு சம்பளமாவது வரட்டுமே" என்றாள்.

எடை மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதயம் சோர்ந்துபோனால் உடம்பில் நீர் தங்கும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பிட்டு ஏறிய எடை இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கூட்டினால் ஆள் தன் வீட்டிலேயே இருப்பார். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் ஆம்புலன்ஸ்தான். தினமும் காலையில் எழுந்ததும் மெஷினில் ஏறி நில்லுங்கள் என்று நாங்கள் உயிரை வாங்குவது இதற்காகத்தான்.

தராசுக்காரர் நாங்கள் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் ஆள். மொத்த மார்க்கெட்டில் நாற்பது வருஷம் மூட்டை நிறுத்தவர். மனைவி போய்ப் பல வருஷம். இரண்டு அறை வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல், எதிரே பஸ் நிறுத்தம். "நான் இந்த ஜன்னல்ல இல்லாட்டி ஒரு பஸ்காரனும் நேரத்துக்கு வர மாட்டான்" என்று என்னிடம் போனில் பெருமை அடிப்பார். ஒரே மகள், ஒரு பகல் பயணத் தூரத்தில் வேறு ஊரில் இருக்கிறாள். இதயக் கோளாறால் அவர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: மூன்றாவது தடவை படுத்தால் நேரே அவள் வீட்டுக்குத்தான், மறுபேச்சே கிடையாது. அவளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். "நாலாவது மாடிம்மா. அது வீடு இல்ல, லாக்கர். என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிடுவாங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தப் பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

எடை மெஷினைத் திறந்த தரையில், கைக்கு எட்டும் தூரத்தில் எதுவுமே இல்லாமல் வைக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஆனால் முந்தின வருஷம் ஓர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா மெஷினிலிருந்து இறங்கும்போது தடுமாறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவேயில்லை. அண்ணி இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு, கால் தடுமாறுகிறவர்களின் வீட்டிலெல்லாம் மெஷினைத் தூக்கி வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். பிடித்துக்கொண்டு ஏறலாம், பிடித்துக்கொண்டு இறங்கலாம். "ஏறி நின்னதும் கையை எடுத்துடணும், சரியா?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். மொத்தம் பன்னிரண்டு வீடு. மேனேஜரிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள். "நல்ல யோசனைதான் அண்ணி" என்றேன். அதுவும் என் வாய்தான்.

அந்த மாதம் தராசுக்காரரின் எடை அசையவே இல்லை. அறுபத்தெட்டு, அறுபத்தெட்டே கால், மறுபடி அறுபத்தெட்டு. வரி முழுக்கப் பச்சை. "உங்க எடை ஆணி அடிச்ச மாதிரி நிக்குதுங்க ஐயா" என்று நானே போன் போட்டுப் பாராட்டினேன். இடையில் படுக்கை விரிப்பு மட்டும் நான்கு நாளாக மஞ்சள் காட்டியது. ஆள் படுக்கவே இல்லை என்கிறது. கேட்டால், "டிவி பாத்துட்டே... நாற்காலியில தூங்கிட்டேன்மா" என்றார். வழக்கமாக என்னையே பேசவிடாத மனுஷன் இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். என் அரட்டை அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'டிவி' என்று எழுதி, வரியைப் பச்சையாக்கிவிட்டேன். மூச்சு முட்டினால் மனிதன் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவான் என்பதை எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அண்ணி அவர் வீட்டுக்குப் போகும் முறை வந்தது; அங்கே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். கதவைத் திறந்தபோதே அவள் பார்வை வழக்கம்போலத் தரைக்குப் போயிற்று. செருப்பு அவர் பாதத்தில் நுழையாமல் பாதியில் நின்றது. குனிந்து முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"ஐயா, மெஷின்ல ஏறுங்க பாப்போம்."

ஏறினார். இடது கை வாஷ்பேசின் விளிம்பில். அறுபத்தெட்டு புள்ளி ஒன்று.

"கையை எடுங்க."

"விழுந்துடுவேன்மா."

"நான் பின்னாடியே நிக்கிறேன், விழ விட மாட்டேன். எடுங்க."

எடுத்தார். எழுபத்து நான்கு புள்ளி ஆறு.

அண்ணி எனக்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேட்டாள். போனை வைக்க மறந்துவிட்டாள் போல, அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது.

"மொதல்ல பயத்துலதான் புடிச்சேன். அப்புறம் நம்பர் ஏற ஏற... கொஞ்சம் கொஞ்சமா பேசினை அழுத்துனேன். நாப்பது வருசமா அடுத்தவன் தட்டுல விரல் வெச்சா கண்டுபுடிச்சவன் நான். எவ்வளவு அழுத்தணும்னு எனக்குத் தெரியாதாம்மா?" மூச்சு வாங்கியது. "மககிட்ட சொல்லிடாத. மெஷின் கோளாறுன்னு சொல்லிடு. உன் அப்பனா நெனச்சு சொல்லும்மா."

"மெதுவா உக்காருங்க ஐயா" என்று அண்ணி சொன்னது மட்டும் கேட்டது.

பத்து நாள் ஆஸ்பத்திரி. ஊசி போட்டு ஆறு கிலோ நீரை இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார்.

மேனேஜர் நல்லவர்தான், ஆனால் வழவழ ஆள். தராசுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை, "கருவிக் கோளாறுன்னு ஒரு வரி எழுதிடலாம். யாரும் நோண்ட மாட்டாங்க" என்றார்.

"மீதிப் பதினோரு வீடு?" என்றாள் அண்ணி.

"எந்தப் பதினோரு வீடு?"

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். அண்ணி அன்று பகலுக்குள் பதினோரு வீட்டுக்கும் அலைந்தாள். மெஷினை நடு அறைக்கு இழுத்து, கையை எடுக்கச் சொல்லி நிறுத்தினாள். இரண்டு பேருக்கு எடை ஏறியிருந்தது. ஒரு தையல்கார அம்மா, ஒரு பழைய போஸ்ட்மேன். அவர்கள் வேண்டுமென்று அழுத்தவில்லை. பிடித்த கையை எடுக்க மறந்துபோனார்கள், அவ்வளவுதான். இருவருக்கும் அன்றைக்கே மருந்து மாறியது. ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை.

ரிப்போர்ட்டில் அண்ணி எழுதியது ஒரே விஷயம்: 'விதியை மீறி மெஷினை இடம் மாற்றியது நான்.' அதற்கு ஒரு மெமோவும் வாங்கிக்கொண்டாள். அவர் வேண்டுமென்றே அழுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். "அது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும் அண்ணி. பாவம், இருக்கிற கொஞ்ச நாளும் அவர் வீட்ல இருந்துட்டுப் போகட்டுமே."

ரிப்போர்ட் போன மறுநாள் மகள் ஆபீஸுக்கே வந்தாள். தூக்கம் கெட்ட முகம். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்லைங்க. அப்பா விழுந்துடக் கூடாதுன்னுதான வெச்சீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவர் தெரியாமத்தான கையை ஊனிட்டாரு? அப்படின்னா மூணாவது தடவைன்னு நான் சொன்னதை விட்டுடறேன், மெஷினை நகத்தி வெச்சுட்டு அவரை இங்கயே விட்டுட்டுப் போறேன். அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

மேஜைக்கு அடியில் அண்ணியின் காலை மிதித்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் தலையாட்டினால்கூடப் போதும்.

அண்ணி குனிந்து காலை இழுத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "தெரிஞ்சேதான் அழுத்துனாரு" என்றாள்.

மகள் கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அண்ணியைப் பிடித்து உலுக்காத குறை. கல் நெஞ்சம் என்றேன், காட்டிக்கொடுத்தவள் என்றேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விட்டார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்: "நான் பொய் சொல்லிட்டு வந்திருந்தா, அடுத்த தடவை அவர் வேற ஏதாவது வழி கண்டுபுடிப்பாரு. நீ பச்சைன்னு சொல்லுவே. அவர் செத்துக் கிடப்பாரு."



கருவிகளைக் கழற்ற அண்ணியோடு நானும் போனேன். அத்தனை வருஷம் போனில் பேசியிருக்கிறேன், அந்த வீட்டுக்குள் அன்றுதான் முதல் தடவையாகக் கால் வைத்தேன். மகள் வாசலில் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். தராசுக்காரர் வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் "வாம்மா" என்றார். அண்ணியை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அண்ணி கதவுக் கருவியைக் கழற்றினாள். ஃபிரிட்ஜுக்குப் போனாள். ஸ்க்ரூ கீழே விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன். படுக்கை விரிப்பை உருவ வேண்டும், அதற்கு அவர் எழுந்தாக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் எழவில்லை.

"மத்த வீட்லயும் மெஷினை இப்படித்தான் வெச்சிருந்தியாமே?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. இன்னும் பதினோரு வீட்ல."

"யாருக்காச்சும் ஏறியிருந்துச்சா?"

"ரெண்டு பேருக்கு. என்னிக்கு உங்களைப் பாத்தேனோ, மறுநாளே அவங்களையும் பாத்துட்டோம். இப்ப நல்லா இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"அவங்கவங்க வீட்லதான்."

அவர் திரும்பி அன்று முதல் தடவையாக அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் ஒருத்தன்தான் கெளம்புறேனா?"

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டேன். அண்ணி நகரவில்லை.

"ஆமாங்க ஐயா" என்றாள்.